சேவல் நிலை

மலேசியாவின் தைப்பிங் ஏரித் தோட்டத்தில் விடியவிடிய மழை. தாய்ச்சி என்கிற சீன உடற்பயிற்சி பழக வருகிற பதினைந்து பேரில் அன்றைக்கு வந்தது அங்கமுத்து ஒருத்தர்தான். மாஸ்டர் சியூ இம் தனியாக நின்றுகொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் பிறந்த சீனத்தி. தமிழ் தண்ணீர்பட்ட பாடு.

"வீட்டுல இருந்திருக்கலாமே அண்ணே?"

"அங்க மட்டும் யாரு இருக்கா?"

அங்கமுத்துவுக்கு வயது எழுபத்திரண்டு. மனைவி போய் ஆறு வருஷம். போன மாதம் குளியலறையில் விழுந்துவிட்டார். ஜொகூரில் இருக்கும் மகள் கோமளா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "ஞாயித்துக்கிழமை வர்றேன். எதையும் பிடிக்காம ஒத்தக் கால்ல பத்து எண்ணுற வரைக்கும் நில்லுங்க. முடியலைன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும்."

அவருக்கோ தன் வீட்டை விட்டுப் போக மனசில்லை.

"பத்து வருதா?" என்றார் மாஸ்டர்.

"வீட்டுல வருது."

"எதைப் பிடிச்சிக்கிட்டு?"

அங்கமுத்து தலையைச் சொறிந்தார். "ஃப்ரிஜ்ஜை. சுண்டு விரல்தான் மாஸ்டர்."

"ஃப்ரிஜ்ஜையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. நில்லுங்க பாப்போம்."

அங்கமுத்து சேவல் மாதிரி ஒரு காலைத் தூக்கினார். உடம்பை விறைத்தார், பல்லைக் கடித்தார். மூன்றிலேயே தடுமாறிக் காலை ஊன்றிவிட்டார்.

"நீங்க மட்டும் எப்படி மாஸ்டர் ஆடாம அசையாம நிக்கிறீங்க?"

சியூ இம் ஒரு காலைத் தூக்கி நின்றார். "என் கணுக்காலைப் பிடிங்க."

அங்கமுத்து தயங்கினார்.

"உங்க ஆளுங்க குரு காலைத் தொடுவாங்கல்ல? தொடுங்க."

முட்டி வலிக்க ஈரப் புல்லில் மண்டியிட்டார். ஊன்றிய கணுக்காலைக் கையால் சுற்றிப் பிடித்தார். உள்ளே நரம்பெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டே இருந்தது, கைக்குள் பிடித்த மீன் மாதிரி.

"உங்களுக்குமா?"

"முப்பது வருஷமா."

"இது எப்ப ஓயும்?"

"ஓய்ஞ்சா விழுந்துடுவேன்."

அங்கமுத்து கையை எடுக்கவில்லை. ஒரு மனுஷ உடம்பின் சூட்டைத் தொட்டு எவ்வளவு நாளாச்சு என்று அவருக்கே தெரியவில்லை. மாஸ்டரும் தூக்கிய காலை இறக்கவில்லை. மரத்திலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவராகக் கையை எடுத்த பிறகுதான் சியூ இம் காலை ஊன்றினார்.

அங்கமுத்து எழுந்து மறுபடி நின்றார். இந்தத் தடவை விறைக்கவில்லை. கால் போட்ட ஆட்டத்தில் தோள், தாடை எல்லாம் ஆடியது. மாஸ்டர் எண்ணினார். ஏழு வரைக்கும் வந்தது.

மூச்சு வாங்க அங்கமுத்து கேட்டார்: "பத்தே வந்தாலும், இந்த ஆட்டத்தைப் பாத்தா மக பயந்துட மாட்டாளா மாஸ்டர்?"

"தள்ளி நின்னு பாத்தா பயந்தான் வரும். கிட்ட வந்து தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, அண்ணே."