முதலில் வந்த பதில்

2018 ஜூலை 6, காலை பதினோரு மணி. ஆரணி அருகே ஒரு தனியார் பள்ளியின் கணினி அறையில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இணையத்தில் நம்பகமான பாடக்குறிப்புகளைத் தேடிப் பிடிப்பது எப்படி என்று தற்காலிக ஆசிரியை திலகவல்லி சொல்லிக்கொண்டிருந்தார். தாளாளர் ஏகாம்பரநாதன் உள்ளே வந்தார்.

“தட்டினா முதல்ல வர்றதைப் படிச்சிட்டுப் போக வேண்டியதுதானே? இதுக்கொரு வகுப்பு, அதுக்கொரு டீச்சர்! அதைத் தாண்டிப் பார்க்க என்ன அவசியம்னு ஒரு நிமிஷத்துல காட்டும்மா. இல்லேன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்.”

“உங்க பேரையே தட்டட்டுங்களா சார்?”

“தட்டு. பிள்ளைங்களும் பார்க்கட்டும்.”

திரையில் முதலில் வந்தது ஒரு கண்ணீர் அஞ்சலி. ‘தொழிலதிபர் ஏகாம்பரநாதன் இறைவனடி சேர்ந்தார்.’ கடைசி வரிசைப் பிள்ளைகள் மௌன அஞ்சலிக்கு எழுந்து நின்றார்கள்.

“அட, உட்காருங்கடா! அது வேற ஆளு. எந்த ஊருன்னு பாரும்மா, தேதியைப் பாரு, யாரு போட்டதுன்னு பாரு. இன்னும் கீழே தள்ளிப் பாரு!”

“இன்னைக்குப் பாடமே அந்த நாலும்தான் சார். நீங்களே நடத்திட்டீங்க.”

தாளாளர் சிரிக்கவில்லை. கதவருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மணி அடிக்கும்வரை கேட்டார்.

2019 ஜூன் 3 அன்று பள்ளி திறந்தபோது திலகவல்லி நிரந்தர ஆசிரியையாகப் பொறுப்பேற்றார்.