இரண்டு மைல் தள்ளி வைத்த உப்பு

கடை என்றால் பொருள் விற்கும் இடம் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிழையை இனியும் பொறுக்க முடியாது. எந்தப் பொருளை எங்கே வைக்கிறோம் என்பதுதான் வணிகம். விற்பனை அதன் பக்கவிளைவு. இதைக் கசடறக் கற்றவர்கள் வேதாசலம் மளிகையின் மூன்று மாப்பிள்ளைகள்: ஏகாம்பரம், தணிகாசலம், பொன்னுரங்கம்.

மாமனார் வேதாசலம் காசிக்குக் கிளம்பும்போது சொன்னார்: "நான் வர்றதுக்குள்ள வியாபாரம் ஏறலைன்னா, கடையை வாடகைக்குக் கேட்டுக்கிட்டிருக்கற அந்த செல்போன்காரருக்கு விட்டுடுவேன்."

மாப்பிள்ளைகள் கலங்கிப்போய், சோப்பு கம்பெனி விற்பனையாளரிடம் யோசனை கேட்டார்கள்.

"எல்லாரும் தேடி வர்ற உப்பை உள்ளே தள்ளி வைங்க. அதுக்காக நடக்கும்போது, வழியில கண்ணுல படுறதையும் வாங்குவாங்க. நடை கூடினா விற்பனை கூடும்" என்றார் அவர்.

கடையின் மொத்த ஆழமே எட்டு அடி.

"எட்டு அடி நடந்தா என்னத்தை வாங்குவாங்க சகலை?" என்றார் ஏகாம்பரம்.

"வீட்டுல வைக்கலாம்" என்றார் தணிகாசலம்.

"யார் வீட்டுல?"

"யாரு வீடு தூரமோ, அவங்க வீட்டுல."

"என் வீடுதான். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ரெண்டு மைல்" என்றார் பொன்னுரங்கம். இத்தனை வருடத்தில் அவர் வீட்டுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

உப்பு மூட்டைகள் வண்டியேறின. உப்பு கேட்டவர்களுக்கு மரியாதையாக வழி சொல்லி அனுப்பினார்கள். தத்துவம் பலிக்கிறதா என்று பார்க்கத் தணிகாசலம் ஓர் அம்மாளின் பின்னாலேயே போனார். மாலையில் மூச்சிறைக்கத் திரும்பினார்.

"உப்புக்குப் போன அம்மா துடைப்பமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கினாங்க!"

"நம்ம கடையிலயா?"

"வழியில. அந்த சோப்பு கம்பெனிக்காரரு வழியிலன்னுதானே சொன்னாரு?"

மறுநாளே பருப்பும் சர்க்கரையும் எண்ணெயும் ரயில்வே கேட்டைத் தாண்டின.

பத்தாம் நாள் வேதாசலம் திரும்பி வந்தார். காலி அலமாரிகளைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"எல்லாம் வித்துப்போச்சா மாப்பிள்ளை?"

"இன்னும் இல்லை மாமா. பொன்னுரங்கம் வீட்டுல இருக்கு."

வேதாசலம் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில் ரயில்வே கேட் பக்கம் நடந்தார். வழக்கம்போல் தணிகாசலமும் பின்னால் போனார். சற்று நேரத்தில் ஓடி வந்தார்.

"மாமா சாவியை செல்போன்காரர் கையில கொடுத்துட்டாரு!"

மற்ற இருவரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"அப்புறம் வழியில, கேட் பக்கத்துல ஒரு குடை வாங்கினாரு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே உப்பு மூட்டைகள் அடுத்த ஊருக்குக் கிளம்பின.