அழிக்கக் கூடாது

"என் வண்டிகளுக்குப் புத்தியே இல்ல மேடம்" என்றார் செங்கோடன்.

"எறும்புக்கு மட்டும் இருக்கா சார்?" என்றார் ரெஜினா.

ரெஜினா அந்த ஆய்வுக்கூடத்தின் பேராசிரியர். செங்கோடனைவிடப் பத்து வயது சின்னவர். கல்லூரி வேலையை விட்டுவிட்டு, எறும்பைப் பார்த்து இயந்திரம் செய்யக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்து சேர்ந்த மனிதர் செங்கோடன்.

தரையில் அவருடைய குட்டி வண்டிகள் மருந்துப் பெட்டிகளைச் சுமந்தபடி, சாத்திய அட்டைக் கதவில் வரிசையாக முட்டிக்கொண்டிருந்தன. நாளைக் காலை மருத்துவமனைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அப்போதும் இப்படி முட்டினால் செங்கோடன் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"தலைவன் கிடையாது, கட்டளை கிடையாது. ஒரு வண்டி போற வழி கணினியில தடமா விழும். தடம் அழுத்தமா இருக்குற பக்கம் அடுத்தது போகும். எறும்பு விட்டுட்டுப் போற வாசனைத் தடம் மாதிரியேதான் செஞ்சேன். நேத்துவரைக்கும் அழகா ஓடுச்சு. இன்னிக்கு நீங்க கதவைச் சாத்துனீங்க. பக்கத்துலயே வேற வழி இருக்கு. ஒண்ணு ரெண்டு அங்க எட்டிப் பாக்குது, திரும்ப வந்து இங்கேயே முட்டுது."

"பழைய தடமெல்லாம்?"

"ஒண்ணுகூட அழியாது மேடம். முதல் நாள்ல இருந்து பத்திரமா இருக்கு."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

ரெஜினா தலையாட்டினார். "நாளைக்கு வர்றவங்களுக்குக் கரும்பலகையில நாலு வார்த்தை வரவேற்பு எழுதிடுங்க சார்."

கடைசியாகக் கிளம்புகிறவர் பலகையைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அந்தக் கூடத்து வழக்கம். ஆனால் பொங்கலுக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. முழுக்கச் செங்கோடனின் கணக்கு. சுற்றிலும் கட்டம் போட்டு, 'அழிக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். வயதில் மூத்தவர், யார் வாய் திறப்பார்கள்? மற்றவர்கள் சுவரில் காகிதம் ஒட்டிக் காலத்தை ஓட்டினார்கள்.

"இடம் இல்லையே மேடம்."

"டஸ்டர் இருக்கே."

"அது என் முதல் கணக்கு மேடம்."

"இப்பவும் அது சரிதானா?"

செங்கோடன் நெளிந்தார். "பாதி தப்பு. எனக்கே தெரியும்."

ரெஜினா டஸ்டரை நீட்டினார்.

மனசே இல்லாமல் துடைக்க ஆரம்பித்தார். பாதியில் கை நின்றது. திரும்பி வண்டிகளைப் பார்த்தார். அவை இன்னும் முட்டிக்கொண்டிருந்தன.

டஸ்டரும் கையுமாகக் கணினியிடம் ஓடினார். எறும்பின் வாசனை காற்றில் கரைவதுபோல, தடங்கள் தாமாகவே கொஞ்சம் கொஞ்சமாக மங்கும்படி ஒரு வரி சேர்த்தார்.

சற்று நேரத்தில் ஒரு வண்டி கதவை விட்டு விலகிப் பக்கத்து வழியில் போனது. இந்த முறை அது திரும்பி வரவில்லை. அதன் பின்னால் இன்னொன்று போனது. பிறகு எல்லாம் போயின.

செங்கோடனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள். மிச்சத்தையும் துடைத்துவிட்டு, வெறும் பலகை முன் சாக்பீஸோடு நின்றார்.

"வண்டிங்க பழசை எவ்வளவு வேகமா மறக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க மேடம், எழுதிக்கிறேன்."

"சொல்ல மாட்டேன் சார்" என்றார் ரெஜினா. "சொன்னா அதுக்கும் கட்டம் போட்டுடுவீங்க."