விதைக்குப் பிடித்த சளி

அரைக்கிணறு என்று ஓர் ஊர். முழுக் கிணறு வெட்டத்தான் ஆரம்பித்தார்கள். பாதியில் தண்ணீர் வந்துவிடவே, ‘ஐயையோ, அடியில ஓட்டை’ என்று பதறி மண்ணைப் போட்டு அடைத்துவிட்ட புத்திசாலிகள் அவர்கள்.

ஊரை ஒட்டிய பொட்டலில் குடைவேல மரம் வளர்க்க வனத்துறை ஒரு நாற்றங்கால் போடுவதாக இருந்தது. பொறுப்பு வெயிலுமுத்துவுக்கா, பக்கத்து ஊரில் இருக்கும் அவன் மச்சானுக்கா என்பதுதான் கேள்வி. மச்சானிடம் தோற்றால் மாமியார் வீட்டில் தலை நிமிர்ந்து ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

வனக்காவலர் ஆரோக்கியம் வெயிலுமுத்துவிடம் இருநூறு விதை கொடுத்தார். “தோலு கல்லு மாதிரி இருக்கும். கொதிக்கிற தண்ணிய இறக்கி வச்சு, அதுல போட்டு ஒரு ராத்திரி ஊற விடும். காலையில எடுத்து மண்ணு நிரப்புன பையில நட்டிரணும். பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிடும். புதன்கிழமை வருவேன். முளை விட்டிருந்தா நாற்றங்கால் ஒமக்குத்தான்.”

வெயிலுமுத்து தன் கூட்டாளிகள் பலவேசத்தையும் நாறும்பூவையும் வைத்துக்கொண்டு சொன்னபடியே ஊறப் போட்டான். அவர்கள் ஆயுசில் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். வெள்ளிக்கிழமை விடிந்ததும் விதையை நடுவதற்குக் குனிந்த வெயிலுமுத்துவின் கையைப் பலவேசம் பிடித்துக்கொண்டான்.

“பெத்த பிள்ளையக் குளிப்பாட்டிட்டு மண்ணுலயா வே போடுவீரு?”

“அதானே! எண்ணெய் கூட வைக்கலியே, பாவம்,” என்றான் வெயிலுமுத்து.

“வெள்ளிக்கிழமை பொம்பளைப் பிள்ளைக்குத்தான் எண்ணெய். ஆம்பளைக்குச் சனி. இதுல எது எது?” என்று கேட்டான் நாறும்பூ.

ஒவ்வொரு விதையாகப் புரட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. குத்துமதிப்பாக நூறுக்கு வெள்ளி, நூறுக்குச் சனி என்று தீர்ப்பாயிற்று. நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, ஈரத் துண்டில் சுற்றினார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாதே! மூன்று பேரும் முறை போட்டுத் துண்டைக் குலுக்கிக்கொண்டே இருந்தார்கள். அதன் பிறகும் மண்ணில் போட மனம் வராமல் துண்டிலேயே வைத்து, பிள்ளைகளுக்குப் புழுங்குமே என்று அடிக்கடி தண்ணீரும் தெளித்தார்கள்.

புதன்கிழமை காலையில் துண்டைப் பிரித்த வெயிலுமுத்து பதறிப்போய்க் கூட்டாளிகளைக் கூப்பிட்டான். ஒவ்வொரு விதையிலும் வெள்ளையாக ஏதோ நீண்டுகொண்டிருந்தது.

“சளி பிடிச்சிட்டு வே! எல்லாத்துக்கும் மூக்கு ஒழுகுது!” என்றான் பலவேசம்.

“இந்தக் கோலத்துல காவலரு பாத்தா, நாற்றங்கால் மச்சானுக்குல்லா போயிரும்!” என்றான் வெயிலுமுத்து.

சொல்லிவிட்டு நிஜமாகவே அழுதுவிட்டான். அழுதுகொண்டே துண்டு முனையால் ஒவ்வொரு மூக்காகத் துடைத்தான். துடைத்தும் வராததை நகத்தால் கிள்ளி எறிந்தான். இருநூறும் முடிய மத்தியானம் ஆயிற்று.

காவலர் வந்து சேர்ந்தார். “என்னவே, ஒண்ணாவது முளைச்சுதா?”

“சளி எங்கய்யா முளைக்க விட்டுது? இருநூறுக்கும் வெள்ளையா ஒழுகிட்டு. இப்பத்தான் சுத்தமாக் கிள்ளி எறிஞ்சேன். ஒண்ணுல கூட மிச்சம் இல்ல, பாத்துக்கிடுங்க.”

காவலர் தரையில் குவிந்து கிடந்த முளைகளைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஒம்ம மச்சானுக்கே குடுத்திருதேன்” என்று சொல்லும்போது கண்ணில் நீர் முட்டி, மூக்கை ஒருதரம் உறிஞ்சினார்.

வெயிலுமுத்து திடுக்கிட்டான். “ஏ, இவருக்கும் ஒட்டிக்கிட்டு வே! விடாதிய, தலையப் பிடிங்க!” என்று நகத்தை நீட்டிக்கொண்டு காவலர் மூக்கை நெருங்கினான்.