கீழ்வீட்டுச் சுடுதண்ணீர்

தீர்ப்புச் சொல்லும் ஆசை யாருக்குத்தான் இல்லை? அதிலும் ஓரகத்திகள் சண்டை என்றால் முழுக்கக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பு வாய்க்கு வந்துவிடும். இந்தக் கதைக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்கள்.

பல்லடம் பக்கத்தில் ஒரு மாடிவீடு. கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். அண்ணன் மனைவி தமயந்தி, தம்பி மனைவி சுகிர்தா. குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர் தனியாக வரும். குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் போர்வெல் தண்ணீர்தான். ஊரில் அதை உப்புத் தண்ணீர் என்பார்கள். பக்கெட்டில் ஒரு வாரம் நின்றால் ஓரமெல்லாம் வெள்ளைக் கறை கட்டிவிடும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு.

போன தீபாவளிக்குச் சுகிர்தா கீசர் வாங்கினாள். மாட்டிக்கொடுத்த பிளம்பர் குப்புராஜ் போகும்போது சொன்னார்: "அம்மணி, சூட்டுத் திருகைப் பாதிக்கு மேல வெக்காதீங்க. இந்தத் தண்ணிய ரொம்பக் கொதிக்க வெச்சா உள்ளார படிஞ்சு அடைச்சுப்போடும். கீழ வீட்டுல வாங்குனாலும் சொல்லிப்போடுங்க." சுகிர்தா தலையாட்டினாள்.

தமயந்திக்கு வயிறு எரிந்தது. மூத்தவள் அடுப்பில் தண்ணீர் காய்ச்சித் தூக்கிக்கொண்டு போக, இளையவள் குழாயைத் திறந்து சுகமாகக் குளிப்பதா? பத்தே நாளில் கீழ்வீட்டுக்கும் கீசர் வந்தது, மாடியில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு பெரிது. கடை ஆளே வந்து மாட்டிவிட்டுப் போனார். தமயந்தி திருகைக் கடைசிவரை திருப்பி வைத்தாள். சுகிர்தாவை அழைத்துக் காட்டாமல் இருக்க முடியுமா?

"எங்கூட்டுத் தண்ணில கை வெக்க முடியாது பாத்துக்க" என்றாள்.

சுகிர்தா அந்தப் பெரிய கீசரைப் பார்த்தாள். திருகு நின்ற இடத்தையும் பார்த்தாள். "நல்லா இருக்குதுங்க்கா" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

ஒரு வருடத்துக்குள் கீழ்வீட்டுச் சுடுதண்ணீர் நூலாக இளைத்துவிட்டது. பக்கத்திலேயே பச்சைத் தண்ணீர்க் குழாய் எப்போதும்போலக் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைத் தமயந்தி கவனிக்கவில்லை, அவள் காது மாடியில் இருந்தது. சுகிர்தா குளிக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். தினமும் காலையில் ஈரத் துண்டோடு நின்று அதைக் கேட்டுக் கேட்டுப் புழுங்கினாள். சுகிர்தாவோ கீழே வரும்போதெல்லாம், "என்னங்க்கா, தண்ணி நல்லா வருதுங்களா?" என்று விசாரிப்பாள்.

"உப்பு அடைச்சிருக்கும்" என்றார் தமயந்தியின் கணவர். உப்பு என்றால் வெந்நீரில் கரைந்துதானே ஆக வேண்டும்? தமயந்தி மூன்று நாள் கீசரை அணைக்காமல் ஓடவிட்டாள். நூலாக வந்தது சொட்டாகிப் போனது. சரி, இது உப்பில்லை, மேலே இருப்பவள் என் பங்கையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறாள் என்று முடிவு கட்டினாள். மொட்டைமாடிக்குப் போய் மாடிவீட்டு வால்வை முக்கால்வாசி மூடிவிட்டு வந்தாள். அதனால் அவளுக்கு ஒரு சொட்டும் கூடவில்லை. ஆனால் மேலே சத்தம் குறைந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் சுகிர்தா குப்புராஜை வரவழைத்தாள். வால்வில் கட்டியிருந்த வெள்ளைப் பொருக்கு புதிதாக உடைந்து கீழே உதிர்ந்து கிடந்தது. "யாரோ இப்பத்தான் திருகியிருக்காங்க" என்றார் அவர். மொட்டைமாடிச் சாவி இருப்பது இரண்டே வீட்டில். சுகிர்தா நேராகக் கீழே இறங்கினாள்.

"அக்கா, நீங்க எங்கிட்ட மன்னிப்புக் கேக்கோணும். இல்லீன்னா ஞாயித்துக்கிழம நாங்க வேற வீட்டுக்குப் போயிருவோம். வீடும் பாத்தாச்சு."

"என்ற தண்ணிய நீ எடுத்தே. அதான் உன்ற தண்ணிய நான் நிறுத்துனேன்" என்றாள் தமயந்தி.

பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் வாழ்ந்த அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பின்னாலேயே இறங்கி வந்திருந்த குப்புராஜ் யாரையும் கேட்காமல் கீழ்வீட்டுக் கீசரைக் கழற்றினார். உள்ளே சூடேற்றும் கம்பிச்சுருள் தெரியாத அளவுக்கு வெள்ளையாகப் படிந்து கிடந்தது. தண்ணீர் வெளியே வரும் குழாயின் வாயும் அடைத்திருந்தது.

"உங்க தண்ணிய யாரும் எடுக்கலீங்க அம்மணி. பேருதான் உப்பு, இது சுண்ணாம்பு மாதிரி. சூடு பண்ணப் பண்ணக் கரையாது, படியத்தான் செய்யும்." பிறகு சுகிர்தா பக்கம் திரும்பி, "ஏனுங்க, நீங்க சொல்லலீங்களா?" என்றார்.

சுகிர்தா விறுவிறுவென்று மாடிப்படி ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. யாராவது ஒருத்தி இறங்கி வராவிட்டால் அண்ணனும் தம்பியும் பிரிந்துவிடுவார்கள். இப்போது சொல்லுங்கள், இந்த இருவரில் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் யார்?

விடை: சுகிர்தாதான். தமயந்தி செய்தது அநியாயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தன் தண்ணீரை ஒருத்தி எடுத்துக்கொள்கிறாள் என்று நம்பித்தான் அவள் வால்வைத் தொட்டாள், அதுவும் ஒரு நாள். சுகிர்தாவுக்கு உண்மை தெரியும். ஒரு வருடமாகத் தெரிந்தே சும்மா இருந்தாள், தண்ணீர் நல்லா வருகிறதா என்று விசாரிக்கவும் செய்தாள். சனிக்கிழமை காலை அவளே கீழே இறங்கி வந்தாள். "உங்க கீசரு பெருசுன்னு எனக்குப் பொறாமைங்க்கா. அதான் சொல்லாம உட்டுட்டேன்" என்றாள். இந்த வீட்டில் பொறாமையில் வேகிறவள் தான் ஒருத்திதான் என்று இத்தனை வருடமாக நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவள் தமயந்தி. அதற்குப் பிறகுதான் அவளுக்கும் மன்னிப்புக் கேட்க வாய் வந்தது.