பையை அமுக்கிய கை

குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. குடல் அடைப்புக்கு அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மயக்க மருந்துத் துறையில் பயிற்சி பெறும் டாக்டர் மாரிச்செல்வம் மூச்சுப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தான். பச்சைக் குழந்தைகளுக்கு அங்கே அதுதான் வழக்கம்.

ரத்தத்தில் ஆக்ஸிஜனைப் பார்க்கப் பாதத்தில் கட்டியிருந்த கருவி நூறு காட்டியது. மூளைக்குப் போகும் ஆக்ஸிஜனைப் பார்க்க நெற்றியில் ஒட்டிய கருவியில் மட்டும் எண் இறங்கிக்கொண்டே வந்தது.

ஒட்டியது விலகியிருக்கும் என்று பிரித்து மறுபடி ஒட்டினான். இன்னும் இறங்கியது. பையை இன்னும் வேகமாக அமுக்கினான்.

"என்னப்பா, அது மூச்சுப் பையா, சைக்கிள் பம்பா?" என்றார் சர்ஜன், தலை நிமிராமல்.

பக்கத்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருந்த அவனுடைய ஆசிரியை ரெஜினாள் உள்ளே வந்தார்.

"மேடம், பாதத்துல நூறு இருக்கு. தலையில மட்டும் ஏன் இறங்குது? மெஷின் கோளாறா?"

அவர் எண்ணைப் பார்த்தார். பையைப் பிடித்திருந்த அவன் கைமேல் தன் கையை வைத்தார். அவன் அமுக்கப் போனான். அவர் விடவில்லை. காத்திருந்தார். மெல்ல ஒருமுறை அமுக்கினார். மறுபடி காத்திருந்தார்.

நெற்றி எண் இறங்காமல் நின்றது. பிறகு சிறிது சிறிதாக ஏறியது.

"மூச்சை அதிகமா கொடுத்தா கரியமில வாயு ரொம்பக் குறைஞ்சிடும். மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கிடும். பாதத்துக்கு அது தெரியாது."

"மூச்சு பத்தாம போயிடுமோன்னு பயந்துட்டேன் மேடம்."

"தெரியுது. பயந்தா கை வேகமாகும். இனிமே எண்ணி அமுக்கு."

அறுவை சிகிச்சை முடிந்தது. குழந்தை விழித்து அழுதது. வெளியே நின்ற தாய் மாரிச்செல்வத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அழுவுற சத்தம் கேட்டுச்சு சார். புள்ளைய மீட்டுக் குடுத்துட்டீங்க."

அவன் உள்ளே திரும்பினான்.

"மேடம், மூளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?"

"ஆகாமலும் இருக்கலாம்."

"எப்போ தெரியும்?"

"குழந்தை அம்மான்னு கூப்பிட வேண்டிய வயசுல."

மாரிச்செல்வம் கதவுப் பக்கம் பார்த்தான்.

"அதுவரைக்கும் அந்தம்மாகிட்ட என்ன சொல்றது மேடம்?"

ரெஜினாள் கையுறைகளைக் கழற்றினார்.

"நடந்ததை. நான் பக்கத்துல இல்லாம போனதையும் சொல்லணும், அதுக்கு நானும் வர்றேன். சொல்லிட்டு வந்து கையைக் கழுவு. அடுத்த குழந்தைக்கும் பையை நீதான் பிடிக்கப்போறே."