இருவாச்சி மரத்தில் மூன்று தட்டு

ரொம்ப நாளைக்கு முன்னாலும் இல்லை, நேற்றும் இல்லை. கோடை மழை நாள் பொறுக்காமல் முந்திக்கொண்டு வந்த ஒரு வருஷம். மலைக்காட்டுக்குள் ஓர் ஆறு ஓடியது. ஆற்றங்கரையில் மூங்கில் தட்டியும் தகரக் கூரையுமாக ஐந்து அறைகளோடு ஒரு விடுதி இருந்தது. வருகிறவர்கள் மூன்று நாள் தங்கலாம். காலையும் மாலையும் படகில் கூட்டிப்போய்க் காட்டைக் காட்டுவார்கள். கரண்டு கிடையாது. அட்டை உண்டு.

அங்கே படகு வழிகாட்டி மாதி. அந்தக் காட்டுக்குடியிலேயே பிறந்தவள், முப்பது வயது. அவளிடம் தொழில் படிக்க வந்திருந்தவர் பரஞ்சோதி. அவருக்கு ஐம்பத்திரண்டு. ஊர் ஊராகத் திருவிழா மேடைகளில் பலகுரல் செய்தவர். ரயில், மாவு மில், பிள்ளை அழுகை, மேடைப் பேச்சு எல்லாம் அவர் தொண்டைக்குள் குடியிருந்தன. மேடைக்குக் கூப்பிட ஆளில்லாமல் போனதும் காடேறி வந்துவிட்டார். சீசன் முடிவதற்குள், இவர் தனியாகப் படகு எடுக்கலாம் என்று மாதி ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிலைக்கும். சொல்லாவிட்டால் மலை இறங்க வேண்டியதுதான்.

அவளை அவர் "வாத்தியாரம்மா" என்பார். பாதி கேலி, பாதி நிஜம். அவரை அவள் "அண்ணா" என்பாள். முழுக்க நிஜம்.

விடுதியிலிருந்து அரை மணி நடந்தால், அக்கரையில் ஒரு பெரிய மரம் தெரியும். அதன் பொந்தில் இருவாச்சிப் பறவையின் கூடு. மாதி விருந்தாளிகளை இக்கரை நாணலுக்குப் பின்னால் உட்கார வைத்து, காதோடு சொல்வதுபோல் சொல்வாள்.

"உள்ள பெட்டை இருக்குதுங்க. முட்டை வைக்கப் போனதுமே வாசலை அடைச்சுப் பூசிக்கும். ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடுக்கு மட்டும் விடும். றெக்கை இறகெல்லாம் உதிர்ந்து போயிரும். பறக்க முடியாது. குஞ்சு பெருசாகிற வரைக்கும் ஆண் கொண்டு வந்து குடுக்கிறதுதான் சோறு."

"இருட்டுக்குள்ள இருக்குது. ஆண் வர்றது அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஒருவர்.

"றெக்கைச் சத்தம் கேக்கும். வந்து உக்காந்ததும் மரத்துல மூக்கால தட்டும். மூணு தட்டு. இது மூக்கை வெளிய நீட்டும்."

அவ்வளவுதான் சொல்வாள். பிறகு காத்திருக்க வேண்டும். சில நாள் ஒரு மணி, சில நாள் மூன்று மணி. மழைக்குக் காடெல்லாம் தண்ணீர் கிடைத்துவிட்டதால் யானை, மான் எதுவும் ஆற்றுக்கு வரவில்லை. விருந்தாளிகளுக்கு அந்த மரம்தான் மிச்சம்.

"நானும் வந்ததிலேர்ந்து அட்டையைத்தான் பார்க்கிறேன். அதுவும் என் காலிலேயே" என்று ஓர் அம்மாள் சலித்துக்கொண்டு எழுந்துபோனாள்.

அன்று திரும்பும்போது பரஞ்சோதி கேட்டார்.

"வாத்தியாரம்மா, பாவம், காசு செலவழிச்சு வர்றாங்க. நான் ஒரு சத்தம் குடுத்தா அது மூக்கை நீட்டாதா? ஒரு தடவை மூக்கு வெளிய வந்துட்டுப் போனா என்ன குறைஞ்சுபோயிரும்?"

மாதி வழியில் கிடந்த ஒரு கிளையை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

மறுநாள் அவள் தங்கைக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்தது. மாதி குடியிருப்புக்குக் கிளம்பினாள்.

"கரையோரம் கூட்டிட்டு நடங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் நாள் பரஞ்சோதி அப்படியே செய்தார். இரண்டாம் நாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்த விருந்தாளிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு மேடைக்கு முன்னால் காலி நாற்காலிகள் தெரிந்தன. விடுதிக்குப் போய், சமையல்காரப் புஷ்பத்தம்மாளிடம் முறத்தை வாங்கி வந்தார்.

"அரிசி புடைக்கப் போறீங்களா?" என்றாள் அவள்.

"பறக்கப் போறேன்" என்றார்.

விருந்தாளிகளைப் படகில் ஏற்றி அக்கரைக்குப் போனார். மரம் சரிவில் நின்றதால், பக்கத்துப் பாறை மேல் ஏறினால் பொந்து துடுப்புக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பாறையில் நின்று முறத்தை இரண்டு கையாலும் பிடித்து வீசினார். ஹுஸ்... ஹுஸ்... ஹுஸ். ரயில் என்ஜின் மூச்சு வாங்குவதுபோல் சத்தம் எழுந்தது. பிறகு துடுப்புக் கட்டையால் மரத்தில் தட்டினார். மூன்று தட்டு.

மரத்தின் தோலிலிருந்து மஞ்சளாக ஒரு மூக்கு வெளியே வந்தது.

படகில் எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். மூக்கு திறந்தது. உள்ளே சின்ன நாக்கு. காத்திருந்தது. மூடியது. மறுபடி திறந்தது. கேமராக்கள் சடசடத்தன. கடைசியில் மூக்கு மெல்ல மரத்துக்குள் போய்விட்டது.

"இன்னொரு தடவை, சார்!" என்றார்கள்.

அடுத்த ஐந்து நாளில் பதினோரு தடவை கூப்பிட்டார். பதினோரு தடவையும் அது வந்தது. விருந்தாளிகள் போகும்போது அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஆறாம் நாள் ஒரு தடவை, முறத்தை இறக்கும்போது எதிர்க்கரையின் பட்ட மரத்தைப் பார்த்தார். அங்கே ஆண் இருவாச்சி உட்கார்ந்திருந்தது. மூக்கு நுனியில் ஓர் அத்திப்பழம். சிவந்த கண்ணால் அவரையே பார்த்தது. கிட்டே வரவில்லை.

பிறகு அந்தக் கிளையும் காலியாகிவிட்டது.

அன்று மதியம் அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ஹுஸ், ஹுஸ் என்று கேட்டது. வெளியே ஓடி வந்து பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை. சமையல்கட்டில் எட்டிப் பார்த்தார்.

"அம்மா, முறம் வீசினீங்களா?"

"முறம் ஆணியில தொங்குது. நீங்க முதல்ல சோப்பைத் துடைங்க, பாக்கச் சகிக்கல."

முறம் ஆணியில்தான் தொங்கியது. அறைக்குத் திரும்பிச் சோப்பைத் துடைத்தார். துண்டுக்குள் முகம் இருக்கும்போதே, மூங்கில் தட்டியில் யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. அவர் கதவைத் திறந்தார். மழை ஈரத்தில் ஒரு காலடிகூட இல்லை.

மறுநாள் மாதி வந்தாள். தங்கைக்குப் பெண் பிள்ளை என்றாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. முறத்தின் விளிம்பில் அக்கரைப் பாறையின் பாசி ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, "வாங்கண்ணா" என்றாள்.

இருவரும் நாணலுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். காலை போய் உச்சிப்பொழுது ஆனது. ஆண் வரவில்லை. பூச்சிச் சத்தம்கூட அந்த மரத்துப் பக்கம் தணிந்திருந்தது. மாதி எழுந்து படகை அவிழ்த்தாள். பாறைக்குப் போனார்கள்.

"கூப்பிடுங்க."

"வேண்டாம், வாத்தியாரம்மா."

"கூப்பிடுங்க."

வீசினார். தட்டினார். மூன்றாவது தட்டு முடியும் முன்னாலேயே மூக்கு வெளியே வந்துவிட்டது. திறந்தபடி நின்றது. உள்ளிருந்து, மெலிசாக, ஒரு குஞ்சு கீச்சிட்டது.

"குடுங்க" என்றாள் மாதி.

"கையில ஒண்ணும் இல்லையே."

"இத்தனை நாளும் இல்லைதானே."

மூக்கு மூடவில்லை. பரஞ்சோதி இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் மாதி ஒரு நீள மூங்கிலை வெட்டி, நுனியைப் பிளந்து கொடுத்தாள். அத்திப்பழம் இருக்கும் மரங்களைக் காட்டினாள். ஒரே ஒரு கட்டளை போட்டாள்.

"சத்தம் காட்டக் கூடாது. வீசக் கூடாது, தட்டக் கூடாது, வாயால கூப்பிடக் கூடாது. இடுக்குகிட்ட பழத்தை வெச்சுட்டு நில்லுங்க. எடுக்கிற வரைக்கும்."

முதல் நாள் எடுக்கவில்லை. மூங்கிலைப் பிடித்துப் பிடித்துத் தோள் மரத்துப்போயிற்று. இரண்டாம் நாள் இடுக்குக்குள் ஏதோ அசைந்தது. அது மூக்கு இல்லை. ஒரு கண். வெள்ளை விழி, மேலே நீளமான இமைமயிர், ஒரு மனுஷிக்கு இருப்பதுபோல. அது அவரை வெகுநேரம் பார்த்தது. அப்புறம்தான் பழம் உள்ளே போனது.

விடியலில் வந்தால் இருட்டும்வரை அவருக்கு அதே வேலை. பழம் பொறுக்குவார், நீட்டுவார், நிற்பார். எதிர்க்கரையில் மாதி விருந்தாளிகளோடு போகும்போது ஒருவர் கேட்டார்.

"அந்தாளு என்னம்மா பண்றாரு?"

"அவர் கூப்பிட்ட ஆளுக்குச் சோறு போடறாருங்க" என்றாள் மாதி.

பேசிப் பிழைத்த மனுஷர். பதினாலு நாள் வாயைத் திறக்காமல் நின்றார். ஆனால் ஹுஸ், ஹுஸ் என்கிற சத்தம் மட்டும் விடவில்லை. பழம் பொறுக்கும்போது கேட்கும். சோறு பிசையும்போது கேட்கும். ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் வெறும் கிளை. சில நாள் நிமிர்ந்து பார்க்கும்போது தன் வாய் திறந்திருப்பது அவருக்குத் தெரிந்தது.

பதினைந்தாம் நாள் காலை மாதி அவரை நாணலுக்குப் பின்னாலேயே நிறுத்தி, பட்ட மரத்தைக் காட்டினாள். ஆண் இருவாச்சி வந்து உட்கார்ந்திருந்தது.

"நேத்தும் வந்துச்சு. நீங்க பாறையில நிக்கிற வரைக்கும் அது கிட்ட வராதுங்ணா."

"அப்போ நான் விலகிக்கறேன். நான் விலகி, அதுவும் வராமப் போயிட்டா?"

மாதி மூங்கிலை வாங்கித் தரையில் படுக்க வைத்தாள்.

வெயில் ஏறியது. ஹுஸ், ஹுஸ், ஹுஸ். பரஞ்சோதி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். யார் முறம் வீசுவது? அப்புறம்தான் ஆற்றின் மேல் பெரிய நிழல் கடந்துபோவதைக் கண்டார். அவர் செய்த சத்தமேதான். அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஆண் பொந்தருகே தொற்றிக்கொண்டது. மூக்கால் தட்டியது. மூன்று தட்டு.

இடுக்கு இருட்டாகவே இருந்தது.

மறுபடி தட்டியது. காத்திருந்தது. தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது. இடுக்கில் ஒன்றும் அசையவில்லை. குஞ்சுச் சத்தம்கூட யாரோ வாயைப் பொத்தினதுபோல் நின்றுபோனது. ஆண் பழத்தோடு வந்தது, பழத்தோடேயே போனது. சாயங்காலம் வந்தது. அதே கதி.

"உள்ளதானே இருக்குது? ஏன் நீட்ட மாட்டேங்குது?" என்றார் பரஞ்சோதி. "நான் போய் ரெண்டு பழம் குடுத்துட்டு வந்துடறேன், மாதி."

வாத்தியாரம்மா என்கிற கேலி எங்கேயோ விழுந்துபோயிருந்தது.

"இன்னிக்கு வேண்டாம்."

"பட்டினி கிடக்குமே."

"ஆமாங்ணா."

இரண்டாம் நாள் ஆண் நான்கு தடவை வந்தது. நான்கு தடவையும் மரம் வெறும் மரமாகவே நின்றது. நடுவில் ஒருமுறை பரஞ்சோதி மூங்கிலை எடுத்துக்கொண்டு படகுவரை போய்விட்டார். அங்கே நின்று நிமிர்ந்து பார்த்தார். பட்ட மரத்திலிருந்து சிவந்த கண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். அன்று அவரும் சாப்பிடவில்லை. மாதி சாப்பிடச் சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாள் லேசாகத் தூறியது. பத்து மணி இருக்கும். ஹுஸ், ஹுஸ். ஆண் வந்து தொற்றியது. தட்டியது.

ஒன்றும் இல்லை.

மறுபடி தட்டியது.

இடுக்கின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு நுனி தெரிந்தது. நின்றது. உள்ளே போயிற்று. திரும்ப வந்தது. பிறகு மூக்கு முழுதாக வெளியே நீண்டு, நடுங்கிக்கொண்டே திறந்தது. ஆண் தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பழத்தை எடுத்து உள்ளே வைத்தது. எடுத்தது, வைத்தது, எடுத்தது, வைத்தது. பொந்துக்குள் குஞ்சு கத்த ஆரம்பித்தது.

பரஞ்சோதி நாணலுக்குள் முழங்கால் போட்டு உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"கண்டுபிடிச்சிருச்சு பாரு! எனக்கே தெரியாத வித்தியாசம் அதுக்குத் தெரிஞ்சிருச்சு. இது நிஜச் சத்தம்னு எப்படி மாதி தெரிஞ்சுக்கிச்சு?"

மாதி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ஒண்ணும் தெரிஞ்சுக்கலைங்ணா" என்றாள். "பசி தாங்கலை."

அவர் சிரிப்பு நின்றது.

அவள் எழுந்து, ஈரச் சேலையை உதறிக்கொண்டு, விடுதிப் பக்கம் நடந்தாள். பரஞ்சோதி மூக்கு உள்ளே போகும்வரை பார்த்தார். ஆண் பறந்துபோகும்வரை பார்த்தார். அதன் பிறகும் கொஞ்ச நேரம் இருந்தார். பின்பு அவரும் எழுந்து நடந்தார்.